காரிக் காளை கொடுத்த பீரோ

ஐம்பதைத் தாண்டிய என் சேக்காளிகளே, உங்கள் வீட்டிலும் இந்நேரம் யாராவது டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருப்பார்கள். என் வீட்டிலும் கத்துகிறார்கள். அது எனக்குக் கேட்பதில்லை என்பதால் குடும்பத்தில் சண்டை குறைவு.

மேசை மேல் ஒரு சின்ன வெள்ளை டப்பா கொஞ்ச நாளாகவே உட்கார்ந்திருக்கிறது. உள்ளே நிலக்கடலைப் பருப்பு மாதிரி இரண்டு காது மெஷின். "காதுல போடத்தான வாங்குனது? கொலு வைக்கவா?" என்று என் மனைவி கேட்டாள். கேட்டதாக மகள் சொன்னாள். நான் தலையை ஆட்டிச் சிரித்துவைத்தேன்.

காது மந்தமானவனின் முதல் தந்திரம் இதுதான். தலையை ஆட்டு, சிரி, எதிராளி திருப்தியாகப் போய்விடுவார். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று கொஞ்ச நாள் பெருமையாக இருந்தேன். பிறகுதான் நினைவு வந்தது. நான் ஐந்தாவது படித்தபோது எங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒருத்தி இதை என்னைவிட நன்றாகச் செய்துகொண்டிருந்தாள்.

எங்கள் ஊர் அன்னவாசலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சிஸ்டர்கள் நடத்திய ஒரு பள்ளிக்கூடம், ஐந்தாம் வகுப்பு வரைக்கும். அவள் பேச்சு கொஞ்சம் கொழகொழவென்று இருக்கும். வாத்தியார் போர்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு "ஏழெட்டு எவ்வளவு?" என்பார். அவள் தலையாட்டிச் சிரிப்பாள். வாத்தியாருக்குக் கோபம் வரும். முட்டி போடுவாள். முட்டி போட்டபடியே சிரிப்பாள். அவளுக்கு வகுப்பில் மரமண்டை என்று பெயர். அந்தப் பெயரும் அவளுக்குக் கேட்டிருக்காது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அந்த வருடம்தான் நாகர்கோவில் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு தலைமை சிஸ்டர் வந்தார். ஒருநாள் நாங்கள் டிக்டேஷன் எழுதிக்கொண்டிருந்தபோது, பின்னால் நடந்துபோனவரின் கை பட்டு யாருடைய தூக்குவாளி மூடியோ சிமென்ட் தரையில் விழுந்தது. வகுப்பே துள்ளியது. அதிகம் துள்ளியது நான். அவள் மட்டும் திரும்பவில்லை, நோட்டில் பூப்போட்டுக்கொண்டிருந்தாள். சிஸ்டர் மூடியை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் வேண்டுமென்றே இன்னொரு தடவை போட்டார்.

அடுத்த வாரம் அவளைத் திருச்சிக்கு அழைத்துப் போனார். இரண்டு காதும் ரொம்ப மந்தம், பக்கத்தில் வெடி போட்டால்தான் கேட்கும், ஆனால் மெஷின் வைத்தால் நன்றாகவே கேட்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

செய்தி ஊருக்குள் வந்த அன்று ராத்திரி அம்மா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவளும் சாப்பிடவில்லை, எனக்கு அவித்த முட்டையை வைக்கவும் மறந்துவிட்டாள். எனக்கு முட்டைதான் கவலை.

கடைசி பெஞ்சுக்காரியின் அப்பா பள்ளிக்கூட வராந்தாவில் சிஸ்டருடன் பேசியதை, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று ஒரே டம்ளர் தண்ணீரை வெகுநேரம் குடித்தபடி நான் கேட்டேன்.

"அஞ்சாப்பு முடியட்டும் சிஸ்டர், போதும். ஆறாப்புன்னா அன்னவாசலுக்குப் போகணும். மெயின் ரோட்டைத் தாண்டணும். பின்னாடி பஸ் வந்து ஆரன் அடிச்சா எம்புள்ளைக்குத் தெரியாதுங்க."

"மெஷின் வச்சா தெரியும்."

"மெஷினுக்கு நான் எங்கிட்டுப் போவேன்? ஈரோட்டுல ஒரு வீட்ல கைப்புள்ள தூக்க ஆள் கேட்டிருக்காக. வீட்டுக்குள்ளயே இருக்கலாம். ரோட்டுக்குப் போக வேணாம்."

"கைப்பிள்ளை அழுதா இவளுக்கு எப்படிக் கேக்கும்?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதை அவர் யோசித்திருக்கவில்லை.

"ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள நான் மெஷின் வாங்கித் தாறேன்," என்றார் சிஸ்டர். "அதுவரைக்கும் ஈரோட்டுக்கு ஒண்ணும் சொல்லிடாதீங்க."

ஊரில் வசூல் பண்ணிவிடலாமே என்று வாத்தியார் சொன்னபோது சிஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "பாவம்னு கொடுப்பாங்க சார். அந்தப் பாவத்தை அவ காதுல மாட்டிட்டுத் திரியணும்." அதனால் குலுக்கல். பரிசுகளை இலவசமாகச் சேர்ப்பது, டிக்கெட் விற்பது, மிஞ்சுவது எல்லாம் மெஷினுக்கு. வெளியே சொல்வது பள்ளிக்கூடத் தேவைக்கு என்று மட்டும். நான் வீட்டில் அம்மாவிடம் மட்டும் உளறிவிட்டேன்.

பரிசு சேர்க்க எங்களை ஜோடி ஜோடியாக அனுப்பினார். எனக்கு ஜோடி அவள். நான் பேசுவேன், அவள் சிரிப்பாள். சிஸ்டருக்கு வியாபாரம் தெரியும்.

அன்னவாசல் பஜாரில் முதலில் பாத்திரக்கடை.

"என்னடா வேணும்?"

"பரிசு வேணும்ண்ணே."

"எதுல ஜெயிச்ச?"

"நான் ஜெயிக்கலண்ணே. மத்தவுக ஜெயிக்கிறதுக்கு."

கடைக்காரர் அவள் சிரிப்பைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு தூக்குவாளி கொண்டுவந்தார். மூடி இல்லை.

"மூடி எங்கண்ணே?"

"அதை வேற யாராச்சும் ரெண்டாம் பரிசாக் குடுப்பாக. போ."

ஜவுளிக்கடையில் யாரும் வாங்காத ஒரு நிறத்தில் ஜாக்கெட் துணி கிடைத்தது. மளிகைக்கடையில் போன வருடத்துக் காலண்டர். "தேதியைப் பாக்காத, சாமி படத்தைப் பாரு," என்றார். முடிவெட்டுகிற அண்ணன் மட்டும்தான் தாராளம். ஜெயிப்பவருக்கு ஒரு வருடம் இலவச முடிவெட்டு. கொடுத்துவிட்டு, ஜெயிக்கிறவன் வழுக்கையாக இருக்கணும் என்று சாமி கும்பிட்டுக்கொண்டார். கம்பவுண்டர் ஐந்து ஊசி இலவசமாகப் போடுவதாகச் சொன்னார். சிஸ்டர் அதை மட்டும் வேண்டாம் என்று நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினார்.

எல்லாவற்றையும் வராந்தா மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தோம். மேசையே நிறையவில்லை.

"இதுக்கு யாரு டிக்கெட் வாங்குவா?" என்றார் சிஸ்டர். எங்களிடம் அல்ல, தூக்குவாளியிடம் கேட்டது மாதிரி இருந்தது.

"நான் வாங்குவேன் சிஸ்டர், முடிவெட்டுக்கு," என்றேன். அப்போது எனக்கு முடி இருந்தது.

இத்தனைக்கும் எங்கள் ஊரில் பரிசுக்குப் பஞ்சமே கிடையாது. உங்களில் நம்ம பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தை பிறந்தால் சித்திரை தாண்டும் வரைக்கும் ஏதாவதொரு ஊரில் வாடிவாசல் திறந்திருக்கும். எங்கள் ஊரில் பாதி வீட்டில் ஜல்லிக்கட்டுக் காளை, மீதி வீட்டில் மாடு பிடிக்கிறவர்கள். பிடிபடாத காளைக்கு அண்டா, பிடித்த ஆளுக்குச் சைக்கிள், அதற்கு மேலே கட்டில், ஃபேன், சுவர்க்கடிகாரம். ஒளிந்து விளையாடுகிற எங்களுக்கு எந்த வீட்டில் எத்தனை அண்டா கவிழ்ந்து கிடக்கிறது என்பதெல்லாம் அத்துபடி. மாடு பிடிக்கிற அண்ணன் ஒருத்தர் வீட்டில் சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்திருக்கும். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

எங்கள் வீட்டில் காரி இருந்தது. கன்னங்கரேல் என்று, திமிலில் கை வைத்தால் சுடும். காரி நாலைந்து வருடத்தில் சம்பாதித்தது: இரண்டு சுவர்க்கடிகாரம், ஓர் அண்டா, பிறகு ஒரு பீரோ. பச்சை நிற இரும்பு பீரோ, கதவில் ஆளுயரக் கண்ணாடி. டிராக்டரில் காரிக்குப் பின்னாலேயே ஏறி வந்தது. அதுவரைக்கும் அம்மா கையகலக் கண்ணாடியில் நெற்றியை ஒருமுறை, காதை ஒருமுறை என்று பகுதி பகுதியாகத்தான் தன்னைப் பார்த்திருந்தாள். பீரோ வந்த அன்று முழுசாக நின்று பார்த்துவிட்டு, "இம்புட்டுக் குட்டையாவா இருக்கேன்?" என்றாள். அவளுடைய நாலு பட்டுப்புடவையும் அதற்குள் குடியேறின. அப்பா படுக்கப் போகும்போது காரியின் முதுகைத் தட்டுவது மாதிரி பீரோவின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்.

அப்பாவிடம் கேட்டேன். "கடியாரம் ரெண்டு சும்மாதானப்பா இருக்கு. ஒண்ணக் குடுத்தா என்ன?"

"சும்மா இருக்குன்னு ஒனக்கு யார்ரா சொன்னது? அங்கிட்டுச் சொவத்துல நிக்கிறது காரிடா. காளை வாங்குனத எடுத்துக் குடுத்தா காளைக்கு அசிங்கம்."

எந்த வீட்டிலும் இதே பதில்தான். சைக்கிள் ஓட்டத் தெரியாத அண்ணனும் அதையே சொன்னார். சிஸ்டருக்கு இது புரியவில்லை. "மாட்டுக்கு அசிங்கமா? மாடு பீரோவைத் திறக்குமா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு விளக்கத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. ஆனால் அது உண்மை.

கடைசியில் சிஸ்டர் என் தாய்மாமாவிடம் வந்து நின்றார். மாமாவுக்கு மைக் செட் தொழில். அதோடு சுற்று வட்டாரத்து வாடிவாசலில் எல்லாம் மைக் பிடிப்பவர் அவர்தான். என் பள்ளிக்கூட நேரம் போக மீதி நேரமெல்லாம் அவருடைய குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்தான் கழிந்தது. இன்றைக்கு மேசை மேல் டப்பா வந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று டாக்டர் சொன்னார்.

"காசு தர முடியாது. ஒருநாள் மைக் கட்டித் தருவீங்களா?" என்றார் சிஸ்டர்.

"சிஸ்டரு, இதெல்லாம் கேக்கணுமா? நம்ம வீட்டுப் பள்ளிக்கூடம்ல," என்றார் மாமா.

பள்ளிக்கூடத்துப் புளியமரத்தில் இரண்டு குழாய் ஏறின. சாயங்காலம், ஆடு மாடு வீடு திரும்புகிற நேரம். மாமா தொண்டையைச் செருமினார். அப்போதுதான் அவளைப் பார்த்தேன். மரத்தடியில், குழாய்க்கு நேர் கீழே, அடிமரத்தில் உள்ளங்கையைப் பதித்து அண்ணாந்து நின்றாள். கோயில் திருவிழாவுக்கு மைக் கட்டினாலும் இப்படித்தான் நிற்பாள். வேடிக்கை பார்க்கிறாள் என்றுதான் ஊரே நினைத்தது. ஊரில் அவளுக்குக் கேட்கிற ஒரே குரல் குழாயிலிருந்து வருவதுதான் என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங். பள்ளிக்கூடக் குலுக்கலுக்கு வந்திருக்கும் மாபெரும் பரிசுகள் என்னென்னவென்றால்..."

மாமாவுக்கு மைக்கில் சின்னதாகப் பேச வராது. "மாபெரும்" என்று ஏறிவிட்டு, தூக்குவாளிக்கு எப்படி இறங்குவது என்று தெரியாமல் தவித்தார்.

"ஒரு தூக்குவாளி!" கொஞ்சம் நிறுத்தினார். "மூடி பின்னால் வரும்!"

தெருவில் யாரோ சிரித்தார்கள்.

"ஒரு வருடம் முடி... ஒரு ஜாக்கெட் துணி... ஒரு காலண்டர்..." குரல் சுருதி இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு செருமல். பிறகு வாடிவாசலில் கேட்கிற அதே குரல் சட்டென்று எழும்பியது. "அதுமட்டுமல்ல! நமது ஊரின் சிங்கம், யார் கைக்கும் சிக்காத காரிக் காளை சார்பாக... ஒரு பீரோ! கண்ணாடி வைத்த பீரோ!"

அது எங்கள் பீரோ.

அப்பா கடலைக்கொல்லையில் இருந்தார். குழாய்ச் சத்தம் கொல்லைக்கும் போகும், அதைத் தாண்டியும் போகும். வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார். பின்னாலேயே பத்துப் பேர்.

"யாரக் கேட்டு மாப்ள சொன்ன?"

"வாய் தவறிருச்சு மச்சான். வாடிவாசல் நெனப்புல வந்துருச்சு."

"இப்ப மறுபடியும் சொல்லு, இல்லைன்னு சொல்லு."

"சொல்லலாம் மச்சான்." மாமா மைக்கை அப்பாவிடமே நீட்டினார். "காரி குடுக்கறேன்னு சொல்லுச்சு, இப்ப இல்லைங்குதுன்னு நீங்களே சொல்லுங்க."

அப்பா மைக்கைப் பார்த்தார். சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தார்.

"எம் பேரச் சொன்னியா, காரி பேரச் சொன்னியா?"

"காரி பேரத்தான் மச்சான்."

"எம் பேரச் சொல்லிருந்தா நான் மாட்டேன்னுருவேன்." பெருமூச்சு விட்டார். "காரி பேர்ல வந்தாச்சு. குடுத்துத்தான் ஆகணும்."

வீட்டு வாசலில் அம்மா நின்றாள். மாமாவைப் பார்த்ததும் ஆரம்பித்தாள். "எம் பீரோவக் குடுக்க நீ யார்ரா? வாயா அது, இல்ல கொழாயா? இனிமே இந்த வீட்ல ஒனக்குச் சோறுதான், கொழம்பு கெடையாது!" சொன்னபடியே செய்தாள். அந்தச் சீசன் முழுக்க மாமாவுக்கு வெறும் சோறும் ரசமும்தான் விழுந்தது. எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவளைக் கேட்காமல் அவள் கண்ணாடி போகிறதே.

நாலு பேர் பீரோவைத் தூக்கினார்கள். கனமாக இருக்கும் என்று மூச்சுப் பிடித்தவர்கள், லேசாக வந்ததும் தடுமாறினார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை. புடவையெல்லாம் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டிக்குப் போயிருந்தன. கண்ணாடி பளிச்சென்று துடைத்திருந்தது. நம்ம அம்மா எவ்வளவு சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பீரோ தெருவில் போனதை அரிசி மில்லுக்காரர் பார்த்துவிட்டார். அவர் வீட்டில் மயிலைக் காளை. காரிக்கும் மயிலைக்கும் ஆகாது. அதாவது, அவரவர் முதலாளிகளுக்கு ஆகாது. விளக்கு வைப்பதற்குள் மில்லுக்காரரின் ஆள் ஒரு புதுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"மயிலை குடுத்துச்சுன்னு மைக்ல சொல்லணுமாம். காரிக்குச் சொன்ன மாதிரியே சத்தமா சொல்லணுமாம்."

மாமா அதைவிடச் சத்தமாகச் சொன்னார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் செவலை சார்பாக ஒரு கட்டில். மதியம் புலிக்குளத்துக் காளை சார்பாக இரண்டு அண்டா. "அண்டா சைஸையும் சொல்லுங்க," என்று தனியாக ஒரு வேண்டுகோள். சைக்கிள் ஓட்டத் தெரியாத அண்ணனுக்குக் காளை கிடையாது, மாடு பிடிக்கிறவர்தானே. அவர் தான் பிடித்த காளையின் சார்பாக ஒரு சைக்கிள் கொடுத்தார். அந்தக் காளைக்காரர், "எங் காளை சார்பா குடுக்க இவன் யாரு?" என்று ஒரு ஃபேனுடன் வந்து நின்றார்.

சிஸ்டர் போர்டில் பரிசையும் கொடுத்தவர் பெயரையும் எழுதினார்.

"இந்தக் கட்டில் யாரு கொடுத்தது?"

"செவலை, சிஸ்டர்."

"முழுப் பேரு?"

"செவலைதான் சிஸ்டர்."

"இனிஷியல்?"

சிஸ்டர் கடைசியில் கேட்பதை விட்டுவிட்டார். காரி, மயிலை, செவலை என்று போர்டில் அழகான கையெழுத்தில் வரிசையாக இருந்தது. வேறு ஊரிலிருந்து ஒரு பெரிய சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு, இந்த ஊரில் எல்லாருக்கும் வித்தியாசமான பெயர்கள் என்று சொன்னாராம்.

இரண்டே நாளில் மாமாவின் தொண்டை கட்டிவிட்டது. அதற்குப் பிறகு மைக் என் கைக்கு வந்தது. என் வாழ்க்கையின் உச்சம் அதுதான், அப்புறமெல்லாம் இறக்கம். மாட்டுவண்டியில் குழாயைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனோம். "மயிலை கொடுத்துவிட்டது! செவலை கொடுத்துவிட்டது! கொம்பு இருந்தால் மட்டும் போதுமா?" என்று நான் கேட்பேன். இப்படிக் கேட்டதற்கு ஓர் அம்மாள் என்னை விளக்குமாற்றுடன் துரத்தினார். துரத்திவிட்டு, ஒரு பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து வண்டியில் வைத்தார். அவள் வண்டியில் குழாய்க்கு அடியிலேயே உட்கார்ந்து வருவாள். என்னைப் பார்க்க மாட்டாள், குழாயைத்தான் பார்ப்பாள். நான் பேசி முடித்ததும் இன்னும் என்பது போலக் கையை ஆட்டுவாள். இன்றுவரை என் பேச்சுக்கு அப்படி ஒரு ரசிகை கிடைக்கவில்லை.

டிக்கெட் விற்குமா என்கிற கவலை சிஸ்டருக்கு மட்டும்தான் இருந்தது. மயிலையின் சைக்கிள் காரி வீட்டுக்குப் போய்விட்டால் என்ன ஆவது என்று மில்லுக்காரருக்குத் தூக்கம் வரவில்லை. கட்டுக் கட்டாக வாங்கினார். செவலை வீட்டாரும் தங்கள் கட்டிலைத் தாங்களே ஜெயித்துவிட வேண்டும் என்று வாங்கினார்கள். தன் காளை கொடுத்தது பகையாளி வீட்டுக்குப் போகக் கூடாது என்று ஊரே வாங்கித் தள்ளியது. அப்பாவும் காரிக்காக வாங்கினார், கையில் இருந்த அளவுக்கு.

குலுக்கல் அன்று அவள்தான் சீட்டு எடுத்தாள். சிஸ்டர் தோளைத் தொட்டால் எடுக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. தூக்குவாளியைப் பாத்திரக்கடைக்காரரே ஜெயித்தார். இலவச முடிவெட்டு சிஸ்டருக்கே விழுந்தது. அவர் அதை வாத்தியாருக்குக் கொடுத்தார். கடைசியாகப் பீரோ. அவள் கையை விட்டு நன்றாகக் கிளறி ஒரு சீட்டை எடுத்தாள். நான்தான் மைக்கில் படித்தேன். பாதியில் என் குரல் உள்ளே போய்விட்டது.

மில்லுக்காரர்.

அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மில்லுக்காரர் எழுந்து, மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு மேடைக்கு வந்தார். காரியின் பீரோவில் மில்லுக்காரர் சட்டையைத் தொங்கவிடுவதை நான் கற்பனை பண்ணிவிட்டேன், அழுகை வந்துவிட்டது. அவர் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"ஜெயிச்சத வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறது பெரிய காரியமில்ல. இந்தப் பீரோவ, எங்க மயிலைக் காளை சார்பா, இந்தப் பள்ளிக்கூடத்துக்கே குடுக்குறேன்."

கைதட்டலில் புளியமரத்துக் காக்கையெல்லாம் பறந்தன. ஒரே பீரோவை இரண்டு காளை கொடுத்த கதை வேறெங்காவது உண்டா என்று தெரியவில்லை. அப்பா தலையை நிமிர்த்தினார். "மயிலை பரவால்ல," என்றார். அவர் வாழ்நாளில் மயிலைக்குச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

பீரோ பள்ளிக்கூடத்திலேயே நின்றது. உள்ளே சாக்பீஸ் டப்பாவும் பரீட்சைத்தாளும். அதன் கண்ணாடி முன்னால் நின்றுதான் ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லாம் ரிப்பன் கட்டினார்கள். அம்மா எப்போதாவது பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்தால் ஒரு நிமிடம் அதன் முன்னால் நிற்பாள். "எங் கண்ணாடில ஊரே மூஞ்சி பாக்குது," என்பாள். அது கோபம் என்றே நான் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தை இடித்துக் கட்டியபோது பீரோ எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜூன் மாதம் மெஷின் வந்தது. இப்போது மாதிரி பருப்பு அளவில் இல்லை. சட்டைப்பையில் தீப்பெட்டியைவிடப் பெரிதாக ஒரு பெட்டி, அதிலிருந்து ஒயர், ஒயர் முனையில் காதுக்கு ஒரு குமிழ். சிஸ்டர் எங்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார். அவளுடைய அப்பா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் யார் பேசுவது என்று வந்தபோது எல்லாரும் என்னைத் தள்ளினார்கள். மைக் பிடிப்பவன் நான்தானே.

அவள் முன்னால் போய் நின்றேன். மாமா சொல்லிக்கொடுத்ததுதான் எனக்குத் தெரியும்.

"ஹலோ! ஹலோ! மைக் டெஸ்டிங்!"

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். முகம் வேப்பங்காயைக் கடித்த மாதிரி ஆகிவிட்டது.

"மெதுவாப் பேசு! ஏன் கத்துற?" என்றாள். அவள் தலையாட்டாமல், சிரிக்காமல் சொன்ன முதல் வாக்கியம். "கொழாயில நல்லாத்தான இருந்துச்சு? ஒங் கொரலு நேர்ல இப்புடியா இருக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் அவளுக்குக் கேட்டது. ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்தாள். வெளியே மரத்தில் காக்கை கத்தியது. அவள் ஜன்னலுக்கு ஓடினாள்.

"காக்காவுக்கும் சத்தம் இருக்கா?" என்றாள். "கொட்டாவி விடுதுன்னுல்ல நெனச்சேன்."

தூணைப் பிடித்திருந்தவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஈரோட்டுக்கு யாரும் போகவில்லை. அவள் அன்னவாசல் பஸ் ஏறினாள். ஏறியவள் நிற்கவில்லை. இப்போது புதுக்கோட்டையில் பெரிய ஆபீஸில் பெரிய உத்தியோகம். அவள் கையெழுத்துக்காக நான் இரண்டு தடவை வரிசையில் நின்றிருக்கிறேன். என்னைக் காது டாக்டரிடம் இழுத்துப் போனதும் அவள்தான். "தலையாட்டாத. எங்கிட்டயேவா?" என்று எழுதிக் காட்டினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா வந்திருந்தார். மகனோடு திருக்கோகர்ணத்தில் இருக்கிறார். ஞாயிறானால் டவுன் பஸ் பிடித்து வந்துவிடுவார். சுற்று வட்டாரத்தையே அதிரவைத்த தொண்டை இப்போது பஞ்சாகிவிட்டது. எதிரில் உட்கார்ந்து வெகுநேரம் ஏதோ சொல்வார். நானும் வழக்கம்போலத் தலையாட்டிச் சிரிப்பேன். இரண்டு பேருக்கும் திருப்தி.

அன்று புதுக்கோட்டையிலிருந்து அவள் என் மனைவிக்குப் போன் செய்து, "போட்டானா இல்லையா?" என்று மிரட்டியிருக்கிறாள். மனைவி வந்து, மாமா முன்னாலேயே, குழந்தைக்கு மருந்து ஊற்றுவது மாதிரி என் தலையைப் பிடித்து மெஷினை மாட்டிவிட்டாள்.

முதலில் ஃபேன் கேட்டது. இத்தனை நாளும் அது முனகிக்கொண்டே சுற்றியிருக்கிறது, பாவம். பிறகு அடுப்படியில் தாளிக்கிற சத்தம். பிறகு மாமா.

"...அப்ப ஒங்காத்தா எங்கிட்ட வந்து சொல்லுச்சு, டே தம்பி, அவரக் கேட்டா கடியாரங்கூடத் தர மாட்டாரு. நீ மைக்ல காரி பேரச் சொல்லிரு. நம்ம பீரோவச் சொல்லு. ஒண்ணு ஆரம்பிச்சா மத்த காளையெல்லாம் தானா வந்துரும்னு."

நான் தலையாட்டவில்லை.

"என்ன மாமா சொல்றீங்க? அன்னைக்கி வாய் தவறலையா?"

"எனக்கு மைக்ல என்னைக்குடா வாய் தவறிருக்கு? அக்காதான் சொல்லச் சொல்லுச்சு. அந்தப் புள்ள ஒரு நா கொல்லையில நின்னப்ப அக்கா பின்னாடியிருந்து கூப்புட்டிருக்கு. திரும்பல. திமிரப் பாருன்னு முதுகுல ஒண்ணு போட்டிருச்சு. அந்தப் புள்ள திரும்பிப் பாத்துச் சிரிச்சுச்சாம். காது கேக்காதுன்னு அப்பறந்தான தெரிஞ்சுச்சு. சோறு எறங்கலை அக்காவுக்கு."

பிசைந்த சோறும், வைக்காத முட்டையும், லேசாக வந்த பீரோவும், துடைத்துவைத்த கண்ணாடியும் ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் நின்றன. அம்மா போய்ப் பல வருடமாகிறது. அவளுடைய பீரோவை அவளைக் கேட்காமல் பிடுங்கிவிட்டார்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"கொழம்பு ஊத்தாததும் நடிப்பா மாமா?"

"நடிப்புன்னா முழுசா நடிக்கணும்னுருச்சு. ரசத்தையே குடிச்சுக் குடிச்சு எனக்குக் கொடலே புளிச்சுப் போச்சு."

"இத ஏன் மாமா இவ்வளவு நாளாச் சொல்லல?"

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"சொல்லலையா? போன மாசம் சொன்னேன். பொங்கலப்ப சொன்னேன். அதுக்கு முன்னாடியும் சொன்னேன். ஒவ்வொருவாட்டியும் நல்லாத் தலைய ஆட்டுன, சிரிச்ச. ஒனக்கு முன்னாடியே தெரியும் போலன்னு நெனச்சேன்."

அதைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

"மாமா! மறுபடி மொதல்லேருந்து சொல்லுங்க!" என்றேன்.

என் குரல் என் காதிலேயே வந்து மோதியது. அவள் சொன்னது சரிதான், நேரில் இப்படித்தான் இருக்கிறது. மாமா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"மெதுவாப் பேசுடா," என்றார். "சொல்றேன்."